ஒன்பதாவது வாரமும் ஏறாத டிரம்பெட்

கேள்வி: எனக்கு 34 வயது. பள்ளி நாட்களில் நான்கு ஆண்டு டிரம்பெட் வாசித்தேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு சமீபத்தில்தான் மறுபடி கையில் எடுத்தேன். அமெரிக்க டிரம்பெட் ஆசிரியர் கிளாட் கார்டனின் 52 வாரப் பயிற்சி முறையைப் பின்பற்றுகிறேன். தினம் ஒன்றரை மணி நேரம், ஒரு நாள் விடாமல். இது ஒன்பதாவது வாரம். முதல் ஐந்து வாரம் மளமளவென்று ஏறியது. இசைக் குறிப்பின் ஐந்து கோட்டுக்கு மேலே இருக்கும் ஏ ஸ்வரம் வரை தொட்டேன். பிறகு நின்றுவிட்டது. சில நாள் அதற்குக் கீழே உள்ள ஜி கூட வருவதில்லை. வருட முடிவில் அந்த ஏ-க்கும் மேலே இருக்கும் ஹை சி கைக்கு வந்துவிடும் என்று நினைத்தது தப்பா? என் உதடு இதற்கு லாயக்கில்லையா? உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸை மாற்றினால் சரியாகுமா?

பதில்: உதட்டில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. கணக்கில்தான் கோளாறு.

52 வாரம் என்று பார்த்ததும் மனம் அதை 52 படிக்கட்டாக மாற்றிக்கொள்கிறது. வாரம் ஒரு படி, கடைசிப் படியில் ஹை சி! பாடங்களின் வரிசை உங்களுக்குப் பொருந்தும். வாரக் கணக்கு பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரே பாடத்தில் மூன்று வாரம் தங்கினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஐந்தாவது வாரம் வரை நீங்கள் ஏறியதைப் புது வளர்ச்சி என்றே நான் எண்ண மாட்டேன். அது பள்ளி நாட்களில் சேர்த்த பழைய பாக்கி, இப்போது வசூலானது. பாக்கி தீர்ந்துவிட்டது. ஆறாவது வாரத்திலிருந்துதான் புதிதாகச் சம்பாதிக்கிறீர்கள். அதற்குப் பிடிக்கும் காலமே வேறு.

ஏன் அவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். வழக்கமான பி-பிளாட் டிரம்பெட்டில் ஐந்து கோட்டுக்கு நடுவே மூன்றாவது இடைவெளியில் இருக்கும் சி-யை ஊதும்போது உதடு நொடிக்கு ஏறக்குறைய 466 முறை அதிர்கிறது. ஹை சி-க்கு அது இரண்டு மடங்கு, 932. அந்த அதிர்வை நிலையாகப் பிடித்து வைப்பது வாயைச் சுற்றியிருக்கும் வளையத் தசையும், உதட்டோரத்தில் வந்து சேரும் சின்னச் சின்னத் தசைகளும்தான். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. விரலால் வால்வை அழுத்தாமல், ஐந்து கோட்டுக்குக் கீழே இருக்கும் சி-யிலிருந்து ஏறினால் அடுத்து வருவது ஜி. நடுவில் பெரிய இடைவெளி, சற்றுப் பிசகினாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஹை சி-க்குப் பக்கத்தில் போனால் அடுத்த ஸ்வரம் ஒரு முழு ஸ்வர தூரத்தில் நிற்கிறது. உதடும் மூச்சும் இம்மி பிசகினால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடுவீர்கள். அதனால் உங்களுக்கு ஏ தவறுவதற்கு பலம் குறைவது காரணமாக இல்லாமலும் இருக்கலாம். குறி இன்னும் படியவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஓங்கி ஊதினால் குறி படியாது.

எல்லாத் திறமையும் ஒரே வேகத்தில் வளராது என்பதையும் மனதில் வையுங்கள். விரல் வேகத்தை, தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்துச் சில வாரத்தில் ஏற்றிவிடலாம். ஸ்வரத்தைத் தொடங்கிவைக்கும் நாக்குக்கு மாதக்கணக்கு. களைக்காமல் ஊதும் தெம்பு அதைவிட மெதுவாக வரும். மேல் ஸ்தாயி கடைசியாகத்தான் வந்து சேரும். மறுபடி தொடங்கியவர் ஒரு வருடத்தில் நிஜமாகவே இரண்டு மூன்று அரை ஸ்வரம் ஏறினால் அதை நல்ல வருடம் என்பேன். பாட்டுக்குள் நம்பி வாசிக்கும்படியான ஹை சி-க்கு இரண்டு மூன்று வருடம் ஒதுக்குங்கள். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தனியறையில் ஒரு தடவை 'கீச்' என்று வந்துபோவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பயிற்சியில் தொடும் உச்சத்திலிருந்து இரண்டு மூன்று ஸ்வரம் கழித்துக்கொண்டால்தான் மேடைக்கு மிஞ்சுவது தெரியும்.

அப்போது ஒன்பது வாரத்தில் எதைப் பார்ப்பது? கீழ் ஸ்வரங்களைப் பாருங்கள். ஐந்து கோட்டுக்குள் இருக்கும் டி, ஈ இரண்டையும் காலையில் எடுத்த எடுப்பில், மிக மெல்லிய ஒலியில், முன்னால் காற்றுச் சத்தம் வராமல் தொடங்க முடிகிறதா? வால்வை மாற்றாமல் உதட்டாலேயே ஸ்வரம் தாவும் லிப் ஸ்லர், முன்பு தடுக்கி விழுந்தது, இப்போது வழுக்கிக்கொண்டு போகிறதா? பயிற்சி முடிந்த பிறகும் ஒரு எளிய மெட்டை வாசிக்கத் தெம்பு மிச்சமிருக்கிறதா? இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று சொல்ல முடிந்தால் பயிற்சி வேலை செய்கிறது. ஒரு நோட்டில் இதை மட்டும் எழுதி வாருங்கள். உச்ச ஸ்வரத்தை வாரம் ஒரு முறை சோதித்தால் போதும், அதுவும் ஓய்வு எடுத்த மறுநாளில்.

ஓய்வு என்றதும் ஞாபகம் வருகிறது, உங்கள் கடிதத்தில் எனக்குப் பயத்தைத் தந்தது அந்த 'ஒரு நாள் விடாமல்'தான். கடுமையான பயிற்சிக்கு மறுநாள் உதடு மரத்து, தடித்துத்தான் இருக்கும். அன்று ஜி வராதது இயல்பு. அந்த நாளிலும் அதே ஒன்றரை மணி நேரத்தை ஏற்றினால் களைப்புக்கு மேல் களைப்பைத்தான் பயிற்சி செய்கிறீர்கள். ஒரு நாள் கடினம், மறுநாள் இலகு என்று மாற்றுங்கள். இலகு நாளில் அரை மணி நேரம், ஒரே ஸ்வரத்தை நீட்டி ஊதும் லாங் டோன், மெல்லிய ஒலியில் ஸ்கேல் எனும் ஸ்வர வரிசை, அதோடு சரி. வாரத்தில் ஒரு நாள் டிரம்பெட் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். கடின நாளிலும் ஒன்றரை மணி நேரத்தை ஒரே மூச்சில் முடிக்காமல் நான்கைந்து துண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு என்பது இந்த வாத்தியக்காரர்களிடம் வெகுகாலமாகப் புழங்கும் விதி. நீங்கள் ஊதும்போது ஒலியில் காற்று கலந்தாலோ, இடது கை தானாக டிரம்பெட்டை முகத்தோடு அழுத்தத் தொடங்கினாலோ அன்றைய பயிற்சி முடிந்தது. பாடத்தில் எத்தனை வரி பாக்கி என்று பார்க்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு காலத்தில் தினமும் முதல் வேலையாக மேல் ஸ்வரத்தைப் பிடித்துப் பார்ப்பேன். வராவிட்டால் வரும்வரை அழுத்துவேன். உள் உதட்டில் பல் பதிந்து புண்ணாகி, பத்து நாள் ஊதவே முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், புண் ஆறி மறுபடி எடுத்தபோது அந்த ஸ்வரம் முன்பைவிடச் சுலபமாக வந்தது. ஓய்வின் அருமை அப்போதுதான் மண்டையில் ஏறியது. களைப்பு வேறு, வலி வேறு. கூர்மையாக வலித்தாலோ, உதட்டோரம் திடீரென்று பலம் விட்டாலோ, உணர்ச்சி குறைந்து அது இரண்டு மூன்று நாளில் சரியாகாவிட்டாலோ ஊதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் மவுத்பீஸ். குழி ஆழம் குறைந்த ஒன்றை வாங்கினால் மேலே கொஞ்சம் சுலபமாகத் தோன்றலாம்; நடு ஸ்தாயியின் ஒலி மெலிந்துபோகவும் வாய்ப்புண்டு. பயிற்சியையும் மவுத்பீஸையும் ஒரே நேரத்தில் மாற்றினால், நல்லதோ கெட்டதோ, எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. இப்போதைக்கு ஐந்தாவது வாரப் பாடத்துக்குத் திரும்பி, இதே மவுத்பீஸோடு ஒரு மாதம் அங்கேயே இருங்கள். நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கு அனுப்புங்கள், மவுத்பீஸைப் பற்றி அப்போது பேசலாம்.