பாத்திரத்து ஓரத்துக் குமிழிகள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். மழை விட்டதிலிருந்து குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். பாத்திரத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டியதுமே என் மாமியார் அடுப்பை அணைத்துவிடுகிறார். "குமிழி வந்தாச்சு, கொதிச்சாச்சு" என்கிறார். அந்தக் குமிழி நீராவிதானே? அவர் சொல்வது சரியா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அது நீராவி இல்லை, காற்று. தயவுசெய்து அப்போது அடுப்பை அணைக்க வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்து, அதற்கு மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். கிருமி சாக அந்தச் சூடு வேண்டும்.

தண்ணீரில் எப்போதும் காற்று கரைந்திருக்கிறது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். நைட்ரஜன் அதைவிடக் கூடுதல். சூடு ஏற ஏற அந்தப் பிடி தளரும். கொதிப்பதற்கு வெகு முன்பே காற்று வெளியேறிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் காற்றை முழுக்க எடுத்துவிட்டால் தண்ணீர் எப்படிக் கொதிக்கும்? ஜெனீவாவைச் சேர்ந்த 18ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் ழான் ஆந்த்ரே டெ லுக் இதைக் கேட்டார். தண்ணீரைக் காய்ச்சிக் காற்றைப் போக்கினார். மிச்சத்தையும் விரட்ட, குடுவையை நான்கு வாரம் குலுக்கினார். சாப்பிடும்போதும், படிக்கும்போதும், நண்பர்களைப் பார்க்கும்போதும், நடக்கப் போகும்போதும் கையில் குடுவை. தூங்கும்போதும், இரண்டு கையும் தேவைப்படும் வேலைகளின்போதும், ஊருக்குள் அலுவலாகப் போகும்போதும்தான் கீழே வைத்தார். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. பிறகு சூடாக்கினார். 100 டிகிரியில் அசையவில்லை. சுமார் 112 டிகிரி வரை ஏறி, திடீரென்று வெடித்துப் பொங்கியது. 1772இல் வெளியான தன் நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

காரணம் இதுதான். மிகச் சிறிய ஆவிக்குமிழியை, சுற்றியுள்ள தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் (பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசையால்) நசுக்கிவிடும். ஏற்கெனவே ஒரு காற்றுக்குமிழி இருந்தால் ஆவி அதற்குள் நுழைந்து வளர்ந்துவிடும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் கீறல்களில் காற்று பதுங்கியிருப்பதால் தண்ணீர் ஒழுங்காகக் கொதிக்கிறது. வழவழப்பான கோப்பையில் மைக்ரோவேவில் தண்ணீர் வைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அசையாமல் இருந்துவிட்டு, தொட்டதும் சீறலாம்.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். நன்றாகக் கொதித்த தண்ணீரை மூடி ஆறவிட்டு, ஆறியதும் அப்படியே மீண்டும் அடுப்பில் வையுங்கள். பக்கத்து அடுப்பில் அதே போன்ற பாத்திரத்தில் புதிதாகப் பிடித்த தண்ணீர். புதுத் தண்ணீரில் ஓரமெல்லாம் குமிழி ஒட்டும். ஆறிய தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் வரும். அவரையே பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டுங்கள்.