ஒத்திப் பணம் யாருடையது?

கேள்வி: என் கணவர் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதில் 20 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. ஆனையூரில் தரைத்தளம் மட்டும் உள்ள சொந்த வீட்டில் இருக்கிறோம். மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறார். 18 லட்சம் ஆகும் என்று கொத்தனார் சொல்கிறார். ஒத்திக்கு விட்டால் போர்ஷனுக்கு 4 லட்சம் கிடைக்கும், அதை வைத்து மகள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. செய்யலாமா அக்கா?
ஒரு வாசகி, ஆனையூர்

பதில்: மாடி கட்டுங்கள், தங்கச்சி. ஒத்திப் பணத்தில் கல்யாணம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பார்கள். காலி செய்கிற அன்று முழுத் தொகையும் திரும்ப வந்துவிட வேண்டும். இதைத்தான் மதுரைப் பக்கம் ஒத்தி என்கிறோம்.

நான் வில்லாபுரத்தில் மூன்று குடித்தனம் வைத்திருக்கிறேன். 2009-ல் பின்கட்டு வீட்டை 2 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டேன். பணம் வந்த மாதமே மகனுடைய காலேஜ் ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் போய்விட்டது. மூன்று வருடம் கழித்து அடுத்து வருகிறவரிடம் வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கெடு முடிந்தது ஆடி மாதம். ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? பார்க்க வந்தவர்களும் "ஆவணி பிறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குடியிருந்தவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். மானாமதுரைப் பக்கம் சொந்த ஊர். அங்கே அவர் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். இவர்கள் போயே தீர வேண்டும். சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கேஸ் அடுப்பையும் குக்கரையும் மட்டும் ஏற்றாமல் வாசற்படியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். பணம் கிடைத்தால் புறப்படலாம், கிடைக்காவிட்டால் ராத்திரிச் சோறு இங்கேதானே பொங்க வேண்டும்? என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "எப்பக்கா கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் செயினையும் நான்கு வளையலையும் அடகு வைத்து 1,20,000 கொடுத்தேன். மீதி 80,000-ஐக் கொடுக்க ஐப்பசி ஆகிவிட்டது. அதற்குள் அந்தப் பெண் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினார். அவர்கள் பணம் அது. எடுத்துச் செலவழிக்க எனக்கு உரிமையே கிடையாது.

அதற்குப் பிறகு மூன்று வீட்டையும் மாத வாடகைக்கே விடுகிறேன். வாங்குகிற அட்வான்ஸை அன்றைக்கே வங்கியில் தனித்தனி டெபாசிட்டாகப் போட்டுவிடுவேன். எந்த வீடு, யார் பணம் என்று ரசீதின் பின்னால் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். காலி செய்கிறேன் என்று ஒருவர் வந்து சொன்னால் அந்த ரசீதை எடுத்தால் போதும்.

ஒத்தி எழுதுகிற விதத்திலும் ஆபத்து இருக்கிறது. 100 ரூபாய் பத்திரத்தில் "மூன்று வருடம்" என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையானாலும் சரி, வீட்டை அடமானமாக வைக்கும் ஒத்தியானாலும் சரி, சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாத தாளை நம்பி 4 லட்சம் கை மாறினால், தகராறு என்று வரும்போது இரண்டு பக்கமும்தான் அலைய வேண்டியிருக்கும்.

இனி மாடிக்கு வருகிறேன். இரண்டு போர்ஷனுக்கும் தலா 7,500 என்றால் வருடத்துக்கு 1,80,000. அதை அப்படியே வருமானம் என்று எண்ணிவிடாதீர்கள். வருடத்தில் ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும். ஆள் மாறும்போது பெயின்ட் அடிக்க வேண்டும். மோட்டார் ரிப்பேர், ஒழுகுகிற குழாய், மாடி கட்டியதும் ஏறுகிற சொத்துவரி எல்லாம் போக 1,40,000 நின்றால் நல்லது. அதே 18 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் 1,26,000 வரும், ஒரு வேலையும் கிடையாது. வாடகையை வருடா வருடம் கொஞ்சம் கூட்டலாம், வட்டி அப்படி ஏறாது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் மகள் கல்யாணத்துக்கு அவசரம் என்றால் செங்கல்லில் போட்ட பணத்தைப் பிடுங்கி எடுக்க முடியாது.

அதனால் என் யோசனை இது. மாடிப்படியும் ஒரு போர்ஷனும் மட்டும் இப்போது கட்டுங்கள். படிச் செலவும் சேர்வதால் பாதிக்குப் பாதி ஆகாது, 10, 11 லட்சம் வரும். மீதியைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போர்ஷன் பிறகு வரட்டும்.

கொத்தனாரின் வாய்க்கணக்கு போதாது. பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று ஓர் இன்ஜினியரை அழைத்துக் காட்டுங்கள். அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கும் வசதி 2024 ஜூலையில் வந்துவிட்டது. படி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மாடியில் இருப்பவர் இரவு பத்து மணிக்கு உங்கள் ஹால் வழியாக ஏறிப் போனால் இரண்டு குடும்பத்துக்கும் நிம்மதி இருக்காது.

மின்சாரத்துக்குத் தனி சர்வீஸ் வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் மீட்டரிலிருந்தே லைன் கொடுத்தால் அவர்களுக்கு அந்த 100 போய்விடும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உங்கள் பில்லும் யூனிட்டுக்குக் கூடுதல் ரேட் போடுகிற பிரிவுக்கு ஏறிவிடும். யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவது என்று மாதாமாதம் மனக்கசப்பு வேறு.

கடைசியாக, கூரை. மதுரை வெயிலில் மாடி வீட்டுக் கான்கிரீட் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சூடு கக்கும். தரைக்கு விலை உயர்ந்த டைல்ஸ் போடுகிற பணத்தில், மேலே சுண்ணாம்பும் செங்கல்லும் கலந்த சுருக்கித் தளம் போட்டுத் தட்டோடு பதியுங்கள். சித்திரையில் கைக்குழந்தையோடு அங்கே தூங்கப்போகிறவரை நினைத்துக் கட்டுங்கள். அப்படிக் கட்டிய வீட்டை விட்டுக் குடித்தனக்காரர் சீக்கிரம் போக மாட்டார்.

கேள்வி: ஒத்தக்கடைப் பக்கம் ஒரு ஃபிளாட் 38 லட்சத்துக்கு வருகிறது. ஹைகோர்ட் கிளை பக்கத்தில் இருப்பதால் ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கும், வாடகையே லோனை அடைத்துவிடும் என்கிறார் புரோக்கர். 30 லட்சம் லோன் போடலாமா?
ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஆள் கிடைப்பார்கள் என்பது உண்மை. 2004-ல் உயர்நீதிமன்றக் கிளை வந்ததிலிருந்து அந்தப் பக்கம் வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் வீடு தேவைப்படுகிறது. வாடகை லோனை அடைக்கும் என்பதுதான் தப்பு. 30 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய். வாடகை 11,000 வந்தால் மீதி 15,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும், 20 வருடம். அது முடியும் என்றால் வாங்குங்கள். வாடகை வருமானத்தில் சொத்துவரி போக 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துத்தான் வருமான வரி கணக்கிடுவார்கள், லோன் வட்டிக்கும் கழிவு உண்டு. ஆனால் வரிச் சலுகைக்காக வீடு வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி மூன்றையும் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். புரோக்கர் கூட்டி வருகிற வக்கீலிடம் அல்ல.

கேள்வி: மாடி வீட்டில் இருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தினால் தானாகப் போய்விடுவார் என்கிறார்கள்.
ஒரு வாசகர், செல்லூர்

பதில்: நிறுத்தாதீர்கள் அண்ணே. அந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கும். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. முதலில் உட்கார்ந்து பேசுங்கள். வேலை போனதா, ஆஸ்பத்திரிச் செலவா என்று கேளுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு கழிப்பது, எந்தத் தேதிக்குள் காலி செய்வது என்று பேசி எழுதி வாங்குங்கள். மசியவில்லை என்றால் பாக்கியைக் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஒப்பந்தம் எழுதாமல் விட்டதுதான் உங்கள் பலவீனம். அந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதையும் இணையத்திலேயே செய்யலாம். வேறு மாதிரி பேசி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. நான் மூன்றுதான் வாங்குகிறேன். திருப்பிக் கொடுக்கவும் அதுதான் சுலபம்.

கேள்வி: முதன்முதலாக வாடகைக்கு விடப்போகிறேன். "நம்ம ஆளுகளாப் பார்த்து விடுங்க" என்கிறார் புரோக்கர். யாருக்கு விடுவது?
ஒரு வாசகி, பழங்காநத்தம்

பதில்: சாதி கேட்காதீர்கள், சகோதரி. வீடு தேடி வந்த ஒருவரை வாசலில் நிறுத்தி அதைக் கேட்பது பெரிய அவமானம். என் வீட்டில் இருந்தவர்களில் வாடகை தவறாமல் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இரண்டு நர்ஸ் பெண்கள். அவர்கள் என்ன ஆட்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கே வேலை, எத்தனை பேர் இருப்பார்கள், சம்பளம் எந்தத் தேதி என்ற மூன்றையும் கேளுங்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 7-ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவரிடம் 1-ஆம் தேதி வாடகை கேட்டால் மாதாமாதம் அவரும் கூசுவார், உங்களுக்கும் சங்கடம். 10-ஆம் தேதிக்குள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.