ஆக்குபேஷனல் தெரபி படிக்கலாமா? அந்த வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்ல முடியுமா?

பிளஸ் டூ முடித்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். என்ன வேலை, படித்துவிட்டு எங்கெல்லாம் போனீர்கள், சம்பளம் வாங்காமல் சேவை செய்வதாகச் சொல்கிறீர்களே அது எதற்கு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருப்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் 2001-ல் வேலூரில் சேர்ந்தேன். அப்போது படிப்பு நாலரை வருஷம், கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். ஊரில் யாருக்கும் இந்தப் படிப்பின் பெயர் வாயில் நுழையவில்லை. எங்கள் பெரியம்மா இன்றைக்கும் "பிசியோ மாதிரி ஒண்ணு" என்றுதான் சொல்கிறார். பிசியோவில் தசைக்கும் மூட்டுக்கும் பலம் ஏற்றி, கையைத் தூக்க வைக்கிறார்கள். தூக்கிய கையால் தலை சீவ முடிகிறதா, பித்தான் போட முடிகிறதா, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா, பழைய வேலைக்குத் திரும்ப முடிகிறதா என்று பார்ப்பது எங்கள் பாடு. முடியவில்லை என்றால் கையைப் பழக்குவோம், இல்லையென்றால் வேலை செய்யும் முறையை மாற்றுவோம், அதுவும் ஆகாவிட்டால் பாத்திரத்தையோ வாசற்படியையோ மாற்றுவோம்.

மதுரைக்காரர்களிடம் இதை விளக்க நான் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமியைத்தான் சொல்வேன். ராணுவத்தில் டாக்டராக இருந்தவர் முடக்குவாதத்தால் 1948-ல் வெளியே வந்தார். விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களுக்குத் தக்க மாதிரி கத்தி பிடிக்கப் பழகி, தன் கைக்கு ஏற்ற கருவிகளையும் வடிவமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். 1976-ல் 11 படுக்கையோடு அவர் தொடங்கிய இடம்தான் இன்று நாம் அண்ணா நகரில் பார்ப்பது. விரல் நேராகவில்லை, ஆனால் வேலை நடந்தது. நாங்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் தேடுவது அதைத்தான்.

படித்து முடித்து மும்பையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நம் நாட்டில் இந்தப் படிப்பே அங்கேதான் தொடங்கியது, 1950-ல் கே.ஈ.எம். மருத்துவமனையில், கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் முயற்சியில். கூட்டம் அப்படி இருக்கும், ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. வேகமாகப் பார்க்கக் கற்றது அங்கே.

அப்புறம் இங்கிலாந்தில் ஐந்து வருஷம். அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆக்குபேஷனல் தெரபி பிரிவுக்குள்ளேயே சின்ன அடுப்படி ஒன்று இருக்கும். பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும் முன் அங்கே நிற்க வைத்து "ஒரு டீ போடுங்கள்" என்போம். கெட்டிலில் தண்ணீர் பிடிப்பது, சுவிட்சைப் போடுவது, எது முன்னே எது பின்னே என்று நினைவு வைப்பது, இடது பக்கம் இருக்கும் கோப்பையைக் கண் கவனிக்கிறதா என்பது, சூடு தெரிகிறதா என்பது எல்லாம் அந்த ஒரு டீயில் தெரிந்துவிடும். வீட்டில் அவர் தனியாக இருப்பவர், தானே போட்டுக் குடிக்காவிட்டால் டீ கிடையாது. அதனால் தன் காரியத்தைத் தானே செய்துகொள்வதுதான் அங்கே எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

2013-ல் மதுரைக்குத் திரும்பினேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, திரும்பியதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வந்து அதே டீ அளவுகோலை இங்கே வைத்தபோதுதான் சறுக்கினேன். "நீங்களே குளிக்கப் பழகணும் ஆச்சி" என்றால் "எதுக்குத்தா? என் மருமக ஊத்திவிடுவாள்ல" என்று பதில் வரும். அது சோம்பேறித்தனம் என்று முதல் வருஷம் நினைத்தேன். அப்படி இல்லை. ஊற்றிவிட ஆள் இருப்பது அந்த ஆச்சிக்குக் கௌரவம். ஆனால் அதே ஆச்சியிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேசினால், விடியக்காலையில் வாசலில் ஒரு கோலம் போட முடியவில்லையே என்று கண் கலங்குவார். எதை அடுத்தவர் கையில் விடலாம், எதை விட முடியாது என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். என் சர்ட்டிபிகேட் அதைச் சொல்லாது.

இந்த வேலையில் நான் விடாமல் பிடித்திருப்பது அதுதான். எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், காலையில் எழுந்ததும் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்பேன். படுத்துத் தூங்குகிற வரைக்கும் சொல்லச் சொல்வேன்.

அதைக் கேட்காமல் ஒருமுறை செய்த தப்பை இன்னும் மறக்கவில்லை. மேலூர் பக்கம் ஒரு பெரியவர், வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. பிவிசி குழாயில் ஸ்பாஞ்சு சுற்றிப் பிடி தடித்த கரண்டி ஒன்று செய்துகொடுத்து, இடது கையால் சாப்பிடப் பழக்கிவிட்டு வந்தேன். நன்றாகவே பழகினார். ஒரு மாதம் கழித்துப் போனால் ஆள் பாதியாகிவிட்டார். கரண்டி சுவரில் ஆணியில் தொங்குகிறது. வீட்டில் எல்லாரும் அவருக்குப் பிடிவாதம் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "பேரப்பிள்ளைக முன்னாடி பீச்சாங்கையில சோறு திங்கச் சொல்றியே தாயி." இதே மண்ணில் பிறந்த எனக்கு அது தோன்றாமல் போனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். முழங்கை ஊன்றிக்கொள்ள உயரமாக ஒரு பலகை, சாதம் வழுகி ஓடாமல் இருக்க விளிம்பு நின்ற பழைய கும்பா, விரலை மடக்கிப் பிடிக்க ஒரு வார். குழம்புச் சோறு வேண்டாம், கெட்டியாகப் பிசைந்து உருட்டி வைக்கச் சொன்னேன். முதல் நாலு உருண்டை அவர் வலது கையால், மிச்சத்தை அவர் வீட்டம்மா ஊட்டிவிடுவார். அதற்கு மேல் அந்தக் கை வரவில்லை. அந்த நாலு உருண்டைக்குப் பிறகு உடம்பு தேறிவிட்டது.

இன்னொருவர் திருப்பரங்குன்றம் பக்கம் பூக்கட்டும் அம்மா, 52 வயசு. கைப் பிடிமானம் நன்றாகத் தேறியிருக்கிறது என்று அவருடைய சீட்டில் எழுதியிருந்தது. அவரோ "நாருல கண்ணி விழ மாட்டேங்குதே" என்றார். சரி, சிகிச்சையே பூக்கட்டுவதுதான் என்று முடிவு செய்தோம். முதலில் தடித்த கயிறும் சுருட்டிய துணித் துண்டும். அது பழகியதும் நூலும் செவ்வந்தியும். காம்பு பெரிசு, பிடிக்க லேசு. பிறகு அரளி. கடைசியில்தான் வாழைநாரும் மல்லி மொட்டும். நாலு மாதம் ஆனது. எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏற்றுவது எங்கள் படிப்பின் உயிர், அதற்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டை விட நல்ல சாமான் எனக்குக் கிடைத்ததில்லை. பழைய வேகம் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழக் கணக்கில் கூலி கொடுக்கும் வியாபாரி அவரை மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. தெருக் கோயிலுக்கு தினமும் ஒரு சரம் அவர் கட்டுகிறார்.

கை பழையபடி வந்துவிடுமா என்று எல்லாரும் கேட்பார்கள். வராது என்று தெரிந்தால் வராது என்று சொல்லிவிடுவேன். பொய்யாக நம்பிக்கை கொடுத்துப் பத்து மாதம் பணம் வாங்குவது எனக்கு ஆகாது. குழந்தைகள் சிகிச்சையில் இப்போது மொத்தமாகப் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். இத்தனை சிட்டிங்கில் பிள்ளை பேசிவிடும் என்று யாராவது தேதி குறித்துக் கொடுத்தால், பெற்றோர் எழுந்து வந்துவிடுவது நல்லது.

சேவை என்று நீங்கள் கேட்டது மாதத்தில் இரண்டு ஞாயிறு. நானும் ஒரு பிசியோ தோழியும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரும் உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஊர்களுக்குப் போகிறோம். நகரத்துக்கு வர பஸ் ஏறவே முடியாதவர்கள்தான் அங்கே இருப்பார்கள். தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், மூளை வாதத்தோடு பிறந்த பிள்ளைகள், படுத்தபடுக்கையான பெரியவர்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்த பிறகு பிசியோ வீட்டு வாசலுக்கு வருகிறது, அது பெரிய ஆறுதல். வீட்டைப் பார்த்து மாற்றும் வேலைக்கு இன்னும் ஆள் போதவில்லை.

உதாரணமாக, சக்கர நாற்காலி ஏற ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும் என்பது கணக்கு. நம் ஊர் வீடுகளில் வாசலே இரண்டடி உயரம். இருபத்து நாலு அடிக்குத் தெருவில் எங்கே போவது? கொல்லைப்புறம் தரை உயரமாக இருக்கும் வீடுகளில் அந்தப் பக்கமாகப் பாதை போடுகிறோம். கக்கூஸ் கதவு இரண்டடி, நாற்காலி அதை விட அகலம். அதனால் பிளாஸ்டிக் சேரில் நடுவே வட்டமாக அறுத்து, குந்தி உட்காரும் பீங்கானுக்கு மேலே வைக்கிறோம். சேரின் கால் சறுக்காமல் இருக்க சைக்கிள் டியூப் சுற்றுகிறோம். எல்லாம் சேர்த்தும் ஆயிரம் ரூபாய் தாண்டாது. உட்கார்ந்தே இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க, அரைமணிக்கு ஒருதரம் கையை ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். தூக்கித் தூக்கி முதுகு போன மருமகள்களுக்கும் எப்படித் தூக்குவது என்று காட்டுகிறோம். வாத்தியார் மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனு எழுதுவார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருப்பது பல வீடுகளுக்குத் தெரியாது.

ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துத் திரும்புவது இல்லை. கொடுத்த வீட்டுக்குக் குறைந்தது மூன்று தடவை போவோம். மேலூர் கரண்டிக்குப் பிறகு வைத்துக்கொண்ட கணக்கு அது.

நீங்கள் சேர நினைத்தால் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டத்துக்குள் நம் தொழிலும் வருகிறது, பாடத்திட்டமும் பதிவும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கமென்ட்டில் போடுங்கள். இந்த ஞாயிறு பேரையூர் போகிறோம், திரும்பி வந்து ராத்திரி பதில் எழுதுகிறேன்.