கயிற்றைக் கொடுப்பதில்லை

ஐயா, வணக்கம்.

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாரு (தாத்தா) வீட்டில் பூரணி என்றொரு மயிலைப் பசு இருந்தது. வேறு பிள்ளைகள் அது மேயும் கொறங்காட்டுக்குள் போனால் முட்ட வரும். நான் படலைத் திறந்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயும். அது சினை பிடிக்காமல் போனதும் அப்பாரு விற்றுவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. இதை என் மகளிடம் சொன்னபோது, "அவ்வளவு பாசம் இருந்தா எதுக்கு வித்தாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பாசம் என்று நான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மைதானா?

வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

உண்மைதான். மகள் கேட்டதும் சரியான கேள்விதான். வயசான மாடு எங்கே போகும் என்று உங்கள் அப்பாருவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்ததால்தான் அன்று சோறு இறங்கவில்லை.

மகளுக்குக் கொறங்காட்டைப் பற்றிச் சொல்லுங்கள். கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்துவைத்த மேய்ச்சல் நிலம் அது. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் புல் உண்டு. பொய்த்தால் கோடையில் வேலங்காயும் போரில் மிஞ்சிய சோளத்தட்டும்தான். அந்தத் தட்டை எத்தனை வாய்க்குப் பங்கு போடுவது என்ற கணக்கு வீட்டுப் பெரியவர் தலையில் இருக்கும். பால் இல்லாத ஒரு மாட்டை வைத்துக்கொண்டால், கன்று போட்ட மாட்டுக்குத் தீனி குறையும். பாசம் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு சுலபம். ஒவ்வொரு மாட்டையும் பிறந்த நாளிலிருந்து தெரிந்தவருக்குத்தான் கஷ்டம்.

பூரணியும் பிறக்கும்போது செவலையாகத்தான் இருந்திருக்கும். காங்கேயம் கன்று அப்படித்தான், ஆறு மாதம் போல ஆகும்போதுதான் செம்மை மறைந்து சாம்பல் நிறம் ஏறும். அந்த நிறம் மாறுவதை அப்பாரு தினமும் பார்த்திருப்பார். அதன் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டியதும் அவராகவே இருக்கலாம்.

கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டி, சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு நான் போயிருக்கிறேன். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடிந்த பிறகும் விற்றவர் உடனே நகர மாட்டார். மாட்டின் கழுத்தடியில் தொங்கும் அலைதாடியைத் தடவிக்கொண்டு நிற்பார். வாங்கியவர் தன் கயிற்றை மாட்டிய பின், பழைய கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. கயிற்றோடு பட்டியின் பாக்கியமும் போய்விடும் என்பது நம்பிக்கை. எனக்கு அதில் அதற்கு மேலும் ஒன்று தெரிகிறது: அந்த மாட்டைக் கட்டியிருந்த ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்ற மனசு. பூரணியின் கயிறும் உங்கள் கட்டுத்தரையில் ஏதாவது ஒரு முளையில் கொஞ்ச காலம் தொங்கியிருக்கும்.

எங்கள் வீட்டில் கவலை இறைத்த, அதாவது கிணற்றிலிருந்து தண்ணீர் இழுத்த, எருதுகள் இரண்டு இருந்தன. கிணற்றுக்கு மின்மோட்டார் வந்ததும் அவற்றுக்கு வேலை போயிற்று. தாத்தா ஒன்றும் பேசாமல் அவற்றை வண்டிக்குப் பழக்கினார். சந்தையிலிருந்து இரவில் அவர் வண்டியிலேயே தூங்கிவிடுவார், எருதுகள் இரண்டும் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். வேலை வாங்குவதும் நேசிப்பதும் அவருக்கு இரண்டு காரியமாக இருந்ததில்லை. செல்லப்பிராணி மட்டுமே வளர்த்த தலைமுறைக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமாகும். மகளோடு பொறுமையாகப் பேசுங்கள்.

பூரணியைப் பற்றி உங்கள் கடிதத்தில் எழுதியது போதவில்லை. யார் கறந்தார்கள்? கன்று ஊட்டாமல் பால் விட்டதா? பட்டிப்பொங்கலன்று கொம்புக்கு என்ன சாயம் பூசினீர்கள்? அதன் கன்றுகளில் ஏதாவது வீட்டில் தங்கியதா? நினைவு இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிடுகிறேன்.