கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. செல்லுபடியாகும்படி உயில் எழுதுவது எப்படி?

என் நிலைமையும் இதேதான். கணவர் போய் ஏழு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. குடியிருக்கும் வீடு என் ஆசிரியைச் சம்பளத்தில் கடன் கட்டி வாங்கியது. கூட இருப்பவள் என் தங்கை. எனக்குப் பிறகு வீடு தானாக அவளுக்குப் போய்விடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். வேறொரு வேலையாகப் பார்க்கப் போன வக்கீல், "போகாதும்மா" என்றார்.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-வது பிரிவு. பிள்ளையும் கணவரும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய்கூட அதற்கு அடுத்துத்தான். உடன்பிறந்தவர்கள் இன்னும் பின்னால். தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் தகப்பன் பக்கம் திரும்பும். நாமே சம்பாதித்ததற்கு அந்தச் சலுகை இல்லை. கல்யாணமான மூன்று மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பிறந்த வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கே சேரும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, உயிலுக்கு வருவோம். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் பார்க்க வேண்டும், அவர்கள் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. தொலைந்துபோகும் பயத்தில் நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டேன். பதிந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முறையாக எழுதிய கடைசி உயில்தான் நிற்கும்.

நான் தடுமாறியது சாட்சி விஷயத்தில். முதலில் தங்கையையே போட நினைத்தேன். சொத்தை வாங்கப் போகிறவளே சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்? அப்புறம் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவரை யோசித்தேன், அவருக்கு வயது 78. வழக்கு என்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். கடைசியில் முப்பதுகளில் இருக்கும் என் பழைய மாணவர்கள் இருவரைக் கூப்பிட்டேன்.

பிள்ளை இல்லாதவர் உயில் என்றாலே "கூட இருந்தவள் எழுதி வாங்கிவிட்டாள்" என்ற பேச்சு கிளம்பும். அதனால் வக்கீலிடம் போனதிலிருந்து பதிவு வரை தங்கையை நான் எதற்கும் அழைத்துப் போகவில்லை. தெளிவான மனநிலையில் இருக்கிறேன் என்று அன்றைய தேதியிலேயே டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினேன். கணவர் வீட்டாருக்கு ஏன் எழுதவில்லை என்பதையும் உயிலிலேயே இரண்டு வரியில், கோபமில்லாமல் சொல்லியிருக்கிறேன்.

கணவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தையும் நீங்கள் உயில் எழுதலாம். ஆனால் அவர் தன் உயிலில் 'ஆயுள் வரை அனுபவிக்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தால் முடியாது, அதை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர்தான், பணம் வாரிசுகளுக்கோ உயிலில் சொன்னவருக்கோ உரியது. நான் இரண்டிலும் ஒரே பெயரைப் போட்டுவிட்டேன். பெயர் விட்டுப்போன சின்னச் சின்னக் கணக்குகளுக்காக 'மீதமுள்ள அனைத்தும்' என்று ஒரு வரி அவசியம் வேண்டும். உயிலை நிறைவேற்ற ஒருவர் பெயரும் வேண்டும்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு வக்கீல், "உங்களுக்கு முன்னாலேயே தங்கை போய்விட்டால்?" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றுப் பெயராக என் கணவரின் அண்ணன் மகளை எழுதினேன். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பவள் அவள்தான்.