குடத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. வயது 27. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே பாட்டு என்றால் உயிர். இளையராஜா பாடல்களில் தொடங்கி மெதுவாகக் கர்நாடக சங்கீதத்துக்கு வந்து சேர்ந்தேன். இப்போது இசை விமர்சனம் எழுத வேண்டும் என்று ஆசை. எழுதியும் பார்த்தேன். ‘அருமை’, ‘உருக்கம்’, ‘மெய்சிலிர்த்தது’ என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை. முறையாகப் பாட்டுப் படிக்காதவனுக்கு விமர்சனம் செய்ய என்ன உரிமை என்று ஒரு நண்பர் கேட்கிறார். சென்னையில் இருந்தால்தான் இதெல்லாம் சரிவரும், இங்கே என்ன கச்சேரி நடக்கிறது என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதானா? எங்கிருந்து தொடங்குவது? கலைஞர்களைக் குறை சொல்லி எழுதுவதற்குப் பயமாகவும் இருக்கிறது.

எஸ்., தக்கலை

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே என்ன நடக்கிறது என்றா கேட்கிறார்? உங்கள் தக்கலையிலேயே பீர்முகமது அப்பா தர்காவில் வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை ராத்திரி முழுக்கப் பாடுகிறார்கள். பங்குனி, சித்திரை, ஆடி என்று ஊர்க் கோயில்களில் கொடைத் திருவிழா நடக்கிற மாதங்களில் எந்தப் பக்கம் போனாலும் வில்லிசையும் நையாண்டி மேளமும் காதில் விழும். சர்ச்சுகளில் பாடுகிற தமிழ்க் கீர்த்தனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். கீபோர்டு வந்த பிறகும் அங்கே பாடப்படுவது அந்த ராகம்தானா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள், ஒரு நல்ல கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும். சுசீந்திரம் என்றதும் எல்லோரும் இசைத்தூண்களைப் பற்றி எழுதுகிறார்கள். மார்கழித் திருவிழாவில் ரதவீதியில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு போகிறவர் அன்றைக்கு என்ன ராகம் வாசித்தார் என்று யாரும் எழுதுவதில்லை.

இதெல்லாம் விமர்சனத்துக்கு உரிய இசை இல்லை, நாட்டார் வழக்காறு என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வில்லுப்பாட்டுக் கதைகளை அ.கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் அலைந்து திரிந்து சேகரித்து அச்சில் கொண்டுவந்திருக்கிறார்கள். பெரிய காரியம் அது. ஆனால் கதை அச்சில் இருக்கிறது, சத்தம் இல்லை. நேற்று ராத்திரி இன்ன ஊர்க் கொடையில் இன்ன குழு எப்படிப் பாடியது என்று எழுத ஆள் இல்லை. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எப்படி? அடுத்த கொடைக்குப் போகும்போது கூட்டத்தின் பின்னால் நிற்காதீர்கள். தென்னையில் கட்டிய மைக்செட் குழாயில் கீழ்ச் சத்தம் அநேகமாக வராது, நடுச் சத்தம் மட்டும் கிழிந்துகொண்டு வரும். அதை மட்டும் கேட்டுவிட்டுக் குழுவைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது அநியாயம். முன்னால் போய் வில்லிசைக் குழுவின் குடத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். குடமடிக்கிறவர் ஒரு கையில் மட்டையை வைத்துக் குடத்தின் வாயில் அடிக்கிறார், அடிவயிற்றில் இருந்து வருவதுபோல் ஒரு கனத்த சத்தம். மறு கை குடத்தின் உடம்பில் தட்டுகிறது, அது கணீரென்று மேலே கேட்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உடுக்கும் கட்டையும் தாளமும் வந்து உட்காருகின்றன. நடுவே குழுவின் தலைவரான அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணில் அடிக்கும்போது மணிகள் குலுங்குகின்றன. வலம் பாடுகிறவர் ஒரு வரியை விட்டதும் இடம் பாடுகிறவர்கள் அதை எங்கே பிடிக்கிறார்கள், முழுசாகப் பிடிக்கிறார்களா, கடைசி இரண்டு சொல்லோடு சேர்ந்துகொள்கிறார்களா என்று கவனியுங்கள். நல்ல குழுவுக்கும் சுமாரான குழுவுக்கும் உள்ள வித்தியாசம் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டு வரும். அதுவரை வசனமும் பாட்டுமாக நிதானமாகப் போன கதை அங்கே வேகம் பிடிக்கும். பாடுகிறவரின் கண் சாமியாடுகிறவர் மேலேயே இருக்கும். அவருக்கு அருள் வரத் தாமதமானால் அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள், குடத்தின் அடி நெருங்கும், உடுக்கு ஏறும். சபாக் கச்சேரியில் ஒரு கீர்த்தனையை எடுத்த காலப்பிரமாணத்திலிருந்து வேகம் கூட்டிக்கொண்டே போனால் அது குறை. இங்கே வேகத்தைக் கூட்டுவதுதான் வேலை. எப்போது கூட்டுவது, எவ்வளவு கூட்டுவது, சாமி இறங்கிய பிறகு எப்படிக் கீழே கொண்டுவருவது என்பதில்தான் அந்தக் குழுவின் திறமை இருக்கிறது. ஒவ்வொரு இசையும் தன்னை அளக்க வேண்டிய கோலைத் தானே கையில் வைத்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் சபாவின் கோலைக் கொண்டுபோய்க் கொடையை அளந்தால் விமர்சனம் பொய்யாகிவிடும்.

இப்படி ஒரு கொடையைப் பற்றி நான் எழுதியதை, அன்று குடமடித்த பெரியவருக்கு அவருடைய பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான். பிறகு என்னைப் பார்த்தபோது, இத்தனை வருஷத்தில் குடத்துச் சத்தத்தைப் பற்றி யாரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றார். நோட்டீஸில் பெரும்பாலும் அண்ணாவியின் பெயர்தான் இருக்கும். நீங்கள் எழுதும்போது எல்லோர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். பக்கவாத்தியம் ‘பக்கபலமாக அமைந்தது’ என்று ஒரு வரியில் கடந்து போகாதீர்கள்.

உங்கள் முதல் நண்பருக்கு வருகிறேன். படிக்காதவனுக்கு உரிமை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1930களில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி சங்கீத விமர்சனம் எழுதினார். அவர் மேடை வித்வான் இல்லை. பத்திரிகை வாங்குகிற சாதாரண ஆளுக்குச் சங்கீதத்தைப் பற்றிப் பேச ஒரு மொழியை உண்டாக்கிக் கொடுத்தார். உரிமை கேட்கிறவன் எவனுக்கும் உண்டு. ஆனால் காது பழகியிருக்க வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒரு ஆசிரியரிடம் போய் ஒன்றிரண்டு வருஷமாவது சரளி வரிசை, அலங்காரம், நாலைந்து கீர்த்தனை என்று பாடிப் பாருங்கள். மேடை ஏறுவதற்காக இல்லை. சுருதியில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் தொண்டைக்குத் தெரிந்தால், இன்னொருவர் நிற்கும்போது உங்கள் காதுக்குத் தெரியும். கச்சேரி முழுக்கக் கையில் தாளம் போடுங்கள். பாட்டின் எடுப்பு தாளத்தின் தொடக்கமான சமத்திலா, அரை இடம் தள்ளியா என்று பாருங்கள். ராகத்தைக் கண்டுபிடிக்கப் போனைத் தட்டாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாமலே வீட்டுக்கு வாருங்கள், இரண்டு நாள் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த ராகம் பிறகு மறக்காது.

கர்நாடக சங்கீதத்துக்கு உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சென்னைக்காரருக்குக்கூட அது கிடையாது. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவது உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலை வழியாகத்தான். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து அங்கே மாறியபின் வந்த வழக்கம் அது. அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் கச்சேரி. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்று. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி என்று வரிசை மாறாது. பாடுகிற ஆள்தான் வருஷத்துக்கு வருஷம் மாறுவார்.

விமர்சனம் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. நாலாம் நாள் தோடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் கிடைக்கிற பதிவுகளைத் தேடி, நாலைந்து பேர் பாடியதை ஒரே வாரத்தில் கேளுங்கள். ராகமும் பாட்டும் மேடையும் ஒன்றுதான், ஆகவே மிச்சம் தெரிகிற வித்தியாசம் எல்லாம் பாடுகிறவருடையது. அதை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். ‘உருக்கமாகப் பாடினார்’ என்று எழுத வரும்போது பேனாவை நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் உருகினேன் என்று திரும்பப் போய்க் கேளுங்கள். ‘பஞ்சமத்தை நெடுநேரம் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பாடிவிட்டு, கடைசியில் அதில் வந்து நின்றார், அப்போதுதான் மூச்சு விட்டேன்’ என்று எழுதினீர்கள் என்றால் வாசிக்கிறவருக்கும் அது கேட்கும். உங்கள் மெய்சிலிர்ப்பு பொய் இல்லை. அது எங்கே எதனால் வந்தது என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முடிந்தால் நேரிலும் போங்கள், தக்கலையிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம்தானே. வேட்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த மண்டபத்தில் கைதட்டும் வழக்கம் இல்லை. பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறார் என்று நீங்களும் சேர்ந்து தட்டி, அதையே உங்கள் ரசனை என்று நம்பிவிட முடியாது. ராக ஆலாபனையை அடுத்து வருகிற தானம் பாடும்போது மிருதங்கமும் கூடவே வாசிக்கும், மற்ற மேடைகளில் அபூர்வமாகத்தான் அது காதில் விழும். இன்னொன்றும் உங்கள் நினைவில் இருக்கட்டும். இந்த மேடையில் முதன்முதலாக ஒரு பெண் பாடியது 2006இல்தான். நம் எல்லையை ஒட்டி இருக்கிற பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள் அவர். ஒரு மேடையில் யார் பாடுகிறார்கள் என்பதோடு யாருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை என்பதையும் விமர்சகன் பார்க்க வேண்டும். ஜனவரியில் அதே திருவனந்தபுரத்தில் குதிரைமாளிகையில் நடக்கிற சுவாதி சங்கீதோத்சவத்துக்கும் போகலாம். சென்னை டிசம்பர் சீசனை ஒரு தடவை போய்ப் பாருங்கள், நல்லதுதான். அதற்காக வேலையை விட வேண்டாம். தமிழில் இசை விமர்சனம் எழுதி வயிறு நிறையாது. சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தால்தான் எழுத்தில் யாருக்கும் பணியாமல் இருக்கலாம்.

சினிமாப் பாட்டை விட்டுவிடாதீர்கள், நீங்கள் அங்கிருந்து வந்தவர். அதைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி பாடல் வரிகளைப் பற்றியும், அந்தப் பாட்டு வந்தபோது எழுதுகிறவர் எந்தக் காலேஜில் படித்தார் என்பதைப் பற்றியும்தான் இருக்கிறது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வயலின்கள் என்ன செய்கின்றன, பேஸ் கிட்டார் பாடகரோடு போகிறதா, எதிர்த் திசையில் போகிறதா என்று எழுதுங்கள். அதற்கு வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.

குறை சொல்லப் பயம் என்கிறீர்கள். அந்தப் பயம் கொஞ்சம் இருப்பது நல்லதே. கடுமையான விமர்சனத்துக்குப் பேர்போன சுப்புடுவை வாசித்துவிட்டு எழுத வருகிற இளைஞர்கள் அவருடைய குத்தலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர், அந்தக் காது இல்லாமல் குத்தல் மட்டும் வந்தால் அது வெறும் வம்பு. குறையை இடம் சுட்டிச் சொல்லுங்கள். ‘சரியில்லை’ என்பதை யாராலும் சரிசெய்ய முடியாது. ‘மேல் ஷட்ஜத்தில் மூன்று தடவையும் சுருதி இறங்கியது’ என்றால் பாடியவருக்கே பயன்படும். நாடறிந்த வித்வானின் குறையைத் தயங்காமல் எழுதுங்கள், அவர் தாங்குவார். ஒரு கொடைக் குழுவைப் பற்றி எழுதும்போது, நீங்கள் எழுதுகிற ஒரு வரியால் அடுத்த கொடைக்கு அவர்களைக் கூப்பிடாமல் விடலாம் என்பது மனதில் இருக்கட்டும். அதற்காக இல்லாததைப் புகழ வேண்டாம். மைக்செட்டின் குறையைப் பாடியவர் தலையில் கட்டாமல் இருந்தால் போதும். சொந்தக்காரர், கூடப் படித்தவர் என்றால் எழுதாதீர்கள், அல்லது உறவைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். பொன்னாடை போர்த்த வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கொடையில் போனில் ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அண்ணாவியிடமும் ஊர்க்கமிட்டியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சாமியாடுகிற நேரத்தில் பல ஊர்களில் விரும்ப மாட்டார்கள். நோட்டில் நேரத்தையும் என்ன கதை என்பதையும் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். காலையில் எழுந்தால் பாதி போயிருக்கும். எழுதியதில் ஒரு பிரதியை முதலில் அந்தக் குழுவுக்கு அனுப்புங்கள், அடுத்தது எனக்கு.

அன்புடன்,
அண்ணாச்சி