கத்தியை எடுத்து ஒளித்து வைக்கிறார் என் கணவர்

கேள்வி: எனக்கு 34 வயது. எட்டு வயதில் மகன் இருக்கிறான். மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போதுதான் தூக்கம் வருகிறது, பையனுக்கு மறுபடியும் டிபன் கட்டிக் கொடுக்க முடிகிறது. போன மாதம் நானும் கணவரும் ‘சைட் எஃபெக்ட்ஸ்’ என்ற ஆங்கிலப் படம் பார்த்தோம். மறுநாளிலிருந்து சமையலறைக் கத்திகள் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. மகனை அழைத்துக்கொண்டு ஹாலில் படுக்கிறார். “உனக்கு நிஜமாவே முடியலையா, இல்ல வேற ஏதாவது இருக்கா?” என்று ஒருநாள் கேட்டார். என் நோய் அந்தப் படத்தில் வருவதுபோல்தான் முடியுமா? மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்கம் வருகிறது, டிபன் கட்ட முடிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, மருந்து கேட்கிறது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், அடங்கிய நோய் மறுபடி தலைதூக்கவும் கூடும். நிறுத்தும் காலம் வரும்போது டாக்டரே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். 2013-ல் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கியது. பங்குச்சந்தை மோசடியில் சிறை போன கணவன் வீடு திரும்புகிறான். மனைவி எமிலியால் சந்தோஷப்பட முடியவில்லை. காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதுகிறாள். இந்தப் பகுதியைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அவ்வளவு நிஜம். மனதுக்குள் நச்சுப் பனிமூட்டம் கவிவதாக அவள் சொல்வாள், நினைவிருக்கிறதா? அது வில்லியம் ஸ்டைரன் என்ற அமெரிக்க எழுத்தாளருடைய உவமை. மனச்சோர்வில் சாவின் விளிம்புவரை போய் மீண்டவர் அவர். அந்த நாட்களைப் பற்றி 1990-ல் எழுதிய சிறிய நூலில் அந்தப் பனிமூட்டம் வருகிறது.

பிறகு கதை திரும்புகிறது. மாத்திரையின் மயக்கத்தில், தூக்கத்தில் நடந்தபடியே கணவனைக் குத்திக் கொன்றாள் என்கிறார்கள். கடைசியில் பார்த்தால் நோயே பொய், எல்லாம் பணத்துக்காகப் போட்ட திட்டம். என் கோபம் இந்த இடத்தில்தான். உயிர் போகும் வேதனையில் ஒரு மனிதர் கண்டெடுத்த வார்த்தையைக் கொண்டுபோய் ஒரு மோசடிக்காரியின் வாயில் வைத்துவிட்டார்கள். படம் பார்த்தவர் வீட்டுக்கு எதை எடுத்துப் போவார்? மனச்சோர்வு என்று சொல்கிற பெண் நடிக்கலாம், நடிக்கவில்லை என்றால் குத்தலாம். உங்கள் கணவரைப் பிடித்திருப்பதும் இந்த இரண்டு பயங்களும்தான். கேள்வியில் ஒன்று இருக்கிறது, பீரோவின் மேல்தட்டில் மற்றொன்று இருக்கிறது.

அவருக்கு இதைச் சொல்லுங்கள். படத்தில் வரும் ‘அப்லிக்ஸா’ என்று ஒரு மருந்தே கிடையாது, கதைக்காக உண்டாக்கியது. தூக்கத்தில் எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-ல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது உண்மை. ஆனால் அது சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளுக்கு. மனச்சோர்வு மாத்திரைகளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு, அதை மறைக்க மாட்டேன்: சிறுவர்களுக்கும் 24 வயது வரையிலான இளையவர்களுக்கும் ஆரம்ப நாட்களில் தற்கொலை எண்ணம் கூடலாம், கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. எந்த வயதானாலும் புதிதாகப் படபடப்போ நிலைகொள்ளாமையோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உங்கள் சீட்டில் என்னென்ன மருந்து இருக்கிறது, எது எதற்கு என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மாவுக்கு இந்த நோய் இருந்தது. அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அதற்குப் பெயர் தெரியாது. மடியில் மல்லிகை மொட்டைக் கொட்டி வைத்துக்கொண்டு தொடுக்க உட்காருவார். சாயங்காலம் பார்த்தால் மொட்டெல்லாம் மலர்ந்து பழுத்துக் கிடக்கும், நாரில் நாலு கண்ணிகூட ஏறியிருக்காது. “சோம்பல்” என்றார் பெரியப்பா. “கொழுப்பு” என்றார்கள் மற்றவர்கள். பல மாதம் அப்படியே போயிற்று. யாரையும் அவர் ஒரு வார்த்தை கடிந்துகூடப் பேசியதில்லை. திரில்லர் எடுப்பவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவருக்கு ஒரு ரகசியம் வேண்டும், இடைவேளையில் ஒரு திருப்பம் வேண்டும். மனச்சோர்வில் இன்றைக்கு நடந்ததுதான் நாளைக்கும் நடக்கும். அதனால்தான் நோயை முகமூடியாக்குகிறார்கள், இல்லையென்றால் கையில் கத்தியைக் கொடுக்கிறார்கள்.

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2012-ல் வந்த ‘3’ படத்தில் நாயகனுக்கு பைபோலார் நோய், அதாவது மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கி, சில காலம் அடியோடு சோர்ந்துவிடும் நோய். இது உங்களுக்கு இருப்பதிலிருந்து வேறானது, இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நண்பனுக்குத் தெரிந்த நோய் மனைவிக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று அவன் மறைப்பதை அன்பாகவே காட்டினார்கள். அழுதுகொண்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் நோயையும் அப்படி மறைக்க நினைத்திருப்பார்களோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. நீங்கள் மறைக்கவில்லை. கணவரிடம் சொன்னீர்கள், டாக்டரிடம் போனீர்கள்.

(சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வேலைப் பளுவால் வரும் மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் பத்திரிகைகளே ஒரே வார்த்தையில் எழுதிவிடுகின்றன. “எனக்கும்தான் டென்ஷன், நான் மாத்திரையா சாப்பிடறேன்?” என்று வீட்டில் கேட்பது அதனால்தான்.)

கத்தி விஷயத்தில் அவசரப்பட்டு அவரைக் கோபிக்காதீர்கள். அவர் உங்களைக் கண்டு பயப்படுகிறாரா, உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாரா? கடிதத்தை நாலு முறை படித்தும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். பையன் ஸ்கூலுக்குப் போன பிறகு கேட்டுவிடுங்கள்: “கத்தியை யாருக்காக எடுத்து வெச்சீங்க?” அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய சந்தேகங்களை அவரே வாய்விட்டுக் கேட்கட்டும். நீங்கள் சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கும், டாக்டர் சொன்னால் ஏறும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். செத்துவிடலாம் என்ற நினைப்பு எப்போதாவது வருகிறதா? வந்தால் அடுத்த சந்திப்பு வரை பொறுத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடமும் கணவரிடமும் சொல்லுங்கள். நடு ராத்திரியாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கணவருடன் டாக்டரிடம் போய்வந்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். கத்திகள் எங்கே இருக்கின்றன, அவர் எங்கே படுக்கிறார் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பேன்.